மூணாம் நம்பர் வளைவு

மாலிங்கே மேட்டில் ஜீப் பாதை என் டீக்கடை வாசலோடு முடிந்துவிடும். அதற்கு மேல் ஒற்றையடிப் பாதைதான். மூங்கிலும் சிவப்பாய்ப் பூக்கிற குராஸ் மரங்களும் பின்னிக்கிடக்கிற காட்டுக்குள் ஏறி, நாட்டு எல்லைக்கல் நட்ட உச்சி வரைக்கும் போகும். காட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போவார்கள். மிங்புட்டி மட்டும் குடிக்க மாட்டாள்.

"வேணாம் அண்ணே. பயத்துல வயிறு கலங்கிக் கெடக்கு. உள்ள போனது அப்படியே வெளிய வந்துரும்."

வெட்கப்படாமல் சொல்வாள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை காட்டுக்குள் போய்ப் பறவைகளைக் குறித்துவருகிறவள், சிவப்புப் பாண்டாவின் புழுக்கை எங்கே கிடக்கிறது என்று தேடித் தவழ்கிறவள், இப்படிச் சொன்னால் யாருக்கும் சிரிப்பு வரும். நானும் சிரித்திருக்கிறேன்.

அவள் பிறந்தது கீழே, ஏலக்காய் விளைகிற சரிவில். அங்கே அவள் சிறுபெண்ணாக இருந்தபோது வீட்டுக்குச் சோளம் வாங்க ஒருவர் வருவாராம். அவருக்கு மூக்கு கிடையாது, மேலுதடும் கிடையாது. கரடி ஒரே ஒரு தடவை கையை வீசியதில் போனது. அவர் வருகிற சத்தம் கேட்டாலே இவள் விறகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் அந்த மனிதர் விறகடுக்கின் பக்கத்தில் குனிந்து, "பாப்பா, நானும் ஒன்ன மாதிரித்தான், கரடிய நெனச்சாப் பயம்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். அதற்குப் பிறகு பயம் இரண்டு மடங்கு ஆயிற்று என்று சொல்வாள்.

இருபத்திரண்டு வயதில் எங்கள் ஊர் காமிக்கு வாழ்க்கைப்பட்டு மேலே வந்தாள். காமி பழைய லேண்ட்ரோவர் ஓட்டுகிறவன். அவனுடைய அக்கா புர்திக்கி அதே வீட்டில் இருந்தாள். புருஷன் செத்துப் பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்தவள். யாக் கலப்பான சௌரி மாடு மேய்த்துக் காட்டில் வளர்ந்த பெண்பிள்ளை. குரல் பெரிசு, சிரிப்பு அதைவிடப் பெரிசு. சிவப்புப் பாண்டாவைக் காப்பாற்றுகிற அமைப்பு ஒன்று காட்டைச் சுற்றிப் பார்க்க ஆள் கேட்டு வந்தபோது, ஊர் ஆண்களில் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். புர்திக்கி தன் பெயரைக் கொடுத்தாள். ஜோடியாகத்தான் போகவேண்டும் என்றார்கள். மிங்புட்டியைக் கேட்காமலே அவள் பெயரையும் கொடுத்துவிட்டாள்.

"அக்கா, என்னால முடியாது" என்று மிங்புட்டி என் கடையிலேயே நின்று அழுதாள்.

"முடியாதுன்னா வீட்ல இருந்து என் தம்பிக்கு உருளைக்கெழங்கு அவிச்சுப் போடு. நாப்பது வருசம் அவிக்கலாம்" என்றாள் புர்திக்கி. "கரடி ஒன்ன என்னடி செய்யும்? ஒன் ஒடம்புல திங்க என்ன இருக்கு?"

போனாள். பாதையில் நாலு இடம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மரத்தில் ஒரு தகர நம்பர். அங்கே நின்று கால்மணி நேரம் கேட்கவேண்டும், பார்க்கவேண்டும், தாளில் எழுதவேண்டும். புர்திக்கிக்குக் கண் கூர்மை. மூங்கில் இலைக்கு நடுவில் சுருண்டு தூங்குகிற பாண்டாவை அவள்தான் கண்டுபிடிப்பாள். மிங்புட்டிக்குக் காது. எங்கேயாவது கரடி மூச்சுவிடுகிறதா என்று எந்நேரமும் கேட்டுக்கேட்டு, கரடியைத் தவிர மற்ற எல்லாவற்றின் குரலும் அவளுக்குப் பாடமாகிவிட்டது. சிரிப்பான் குருவிக் கூட்டம் பூனையைப் பார்த்துக் கத்துவது வேறு, மனிதனைப் பார்த்துக் கத்துவது வேறு என்பாள். நீளவால் நீலக்குருவி கிளைக்குக் கிளை தாவிப் பின்தொடர்ந்து திட்டினால் கீழே சிறுத்தை நடக்கிறது என்பாள். ஏழு வருஷம் இப்படிப் போனது. ஏழு வருஷமும் வெறும் வயிற்றோடுதான் போனாள்.

அந்த வருஷம் கருவாலி மரங்கள் கொட்டைகளாகக் காய்த்துத் தள்ளின. மழை ஓய்கிற சமயம், தசைன் பண்டிகைக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். மூணாம் நம்பர் வளைவுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கருவாலியின் உச்சியில் கிளைகளை ஒடித்து மடக்கிப் போட்டிருப்பதை முதல்நாள் பாதை பார்க்கப் போனபோதே மிங்புட்டி பார்த்துவிட்டாள். பருந்துக் கூடு மாதிரி இருக்கும், ஆனால் ஒரு மனிதன் படுக்கிற அளவுக்குப் பெரிசு. கரடி மரத்தில் உட்கார்ந்து கிளையைத் தன் பக்கம் வளைத்துத் தின்றுவிட்டு, ஒடிந்ததை எல்லாம் உட்காரும் இடத்துக்கு அடியில் போட்டுக்கொள்ளும். கீழே சாணமும் கிடந்தது. கொட்டைத் தோல் நிறைந்த கறுப்புச் சாணம். குச்சியால் கிளறிப் பார்த்தாள். உள்ளே இன்னும் ஈரம்.

அன்று மாலை என் கடை அடுப்பில் கையைக் காட்டிக் குளிர்காய்ந்துகொண்டே சொன்னாள். "அண்ணே, நாளைக்கு மூணாம் நம்பர விட்ரலாம்னு அக்காகிட்ட நீங்களாவது சொல்லுங்க."

புர்திக்கி டீ டம்ளரை நீட்டியபடி, "தாள்ல என்ன எழுதுவ? மூணாம் நம்பர், கரடி இருக்கும்னு பயந்து போகலைன்னா?" என்று கேட்டாள்.

"ஆமா. அப்படியே எழுதுவேன்."

"எழுது, எழுது. காட்மாண்டுல படிச்சுட்டுச் சிரிக்கட்டும்."

நானும் புர்திக்கி பக்கம்தான் பேசினேன். இருபது வருஷமாக இந்தப் பாதையில் கரடி யாரையும் தொட்டதில்லை என்று சொன்னேன். அது நிஜம். ஆனால் நான் சொல்லியிருக்கக்கூடாது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு என் கடையைத் தாண்டிப் போனார்கள். வானம் சுத்தமாக இருந்தது. பத்து மணிக்குள் மூடுபனி ஏறிவிட்டது. கீழே பள்ளத்தாக்கிலிருந்து வெள்ளையாக எழும்பி, பாதையை முழுங்கி, என் கடைக் கூரைத் தகரத்தில் சொட்டத் தொடங்கியது. அதற்கப்புறம் நடந்ததை நான் மிங்புட்டி வாயாலும் பிறகு புர்திக்கி வாயாலும் கேட்டதுதான்.

மூணாம் நம்பர் வளைவில் அவர்கள் நின்றபோது பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. குறித்த இடத்தில் பேசக்கூடாது என்பது வேலையின் விதி. பேசினால் பறவை ஓடிவிடும். கரடிக்கோ நாம் வருகிற சத்தம் முன்னாலேயே கேட்கவேண்டும். கேட்டால் அதுவே விலகிப்போகும். இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு மிங்புட்டி வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றாள். சரிவின் கீழே சிரிப்பான் கூட்டம் கத்திக்கொண்டிருந்தது. பத்துப் பதினைந்து குருவிகள் ஒரே சமயத்தில் ஏசுவது மாதிரியான சத்தம். அது பூனைக்குக் கத்துகிற கத்தல் இல்லை, மனிதனுக்குக் கத்துகிற கத்தலும் இல்லை. அவள் அதுவரை கேட்காத ஒன்று.

அப்புறம் அது நின்றது. ஒவ்வொன்றாக அடங்கவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் நின்றது.

"அக்கா, போயிரலாம்" என்று காதோரம் சொன்னாள்.

"இன்னும் ஆறு நிமிசம் இருக்கு."

"அக்கா, குருவி சத்தமே இல்ல."

"பனிக்கு ஒடுங்கியிருக்கும். பேசாம எழுது."

மேலேயிருந்து கொட்டைத் தோல் உதிர்ந்தது. முதலில் ஒன்று, பிறகு பொலபொலவென்று. புர்திக்கி அண்ணாந்து பார்த்தாள். மூடுபனிக்குள் ஏதோ கறுப்பாகக் கிளையைக் கட்டிக்கொண்டிருந்தது. நாய்க்குட்டி அளவுதான் இருக்கும். "அட, குட்டிடி" என்று சந்தோஷமாகச் சொன்னாள். சொல்லி முடிக்கும் முன் கீழ்ப்பக்க மூங்கில் பிளந்தது.

அது ஓடிவந்ததை மிங்புட்டி பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. பெரிய ஆள் ஒருவன் வலியில் இரைவது மாதிரி ஒரு மூச்சு. அவளுடைய கால்கள் அவளைக் கேட்காமலே ஓடின. தான் திரும்பியது தெரியாது, குதித்தது தெரியாது. பாதையில் ஐம்பது அறுபது காலடி ஓடி, சாய்ந்துகிடந்த குராஸ் மரத்தின் வேருக்கு அடியில் போய் விழுந்தாள். வாயில் மண். ஒரு காலில் செருப்பு இல்லை. பின்னால் புர்திக்கி ஒரு தடவை "மிங்கூ" என்று கூப்பிட்டாள். இரண்டாம் தடவை கூப்பிடவில்லை.

அங்கே எவ்வளவு நேரம் கிடந்தாள் என்று அவளால் சொல்ல முடியவில்லை. கிடந்தாள். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள், மூக்கையும் உதட்டையும் சேர்த்து. பிறகு எழுந்தாள். கீழே ஊருக்குப் போகிற பாதை வெள்ளைச் சுவராக நின்றது. அந்தச் சுவரைப் பார்த்தாள். பின்னால் சத்தம் வருகிற பக்கத்தைப் பார்த்தாள். திரும்பி, சத்தம் வருகிற பக்கமே நடந்தாள்.

தோளில் மாட்டியிருந்த தூக்குச்சட்டியைக் கழற்றினாள். ரொட்டியும் உருளைக்கிழங்கும் இருந்த பித்தளைச் சட்டி. ஒரு கல்லை எடுத்து அதை அடித்தாள். அடித்துக்கொண்டே கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கு நினைவில்லை. கரடி புர்திக்கியின் மேலிருந்து எழுந்து இரண்டு காலில் நின்றது. நெஞ்சில் வெள்ளைப் பட்டை. வாயில் புர்திக்கியின் நனைந்த தலைத்துணி தொங்கியது. ஆள் உயரம்தான், ஆனால் மூன்று ஆள் அகலம். அது அவளை முகர்ந்தது. இவள் நடுங்குகிற நடுக்கத்தில் கல் சட்டியில் தானாகவே பட்டுக்கொண்டிருந்தது. மரத்திலிருந்து குட்டிகள் சரசரவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. கரடி நான்கு காலில் இறங்கி, அவற்றுக்குப் பின்னால் மூங்கிலுக்குள் போய்விட்டது. கொஞ்ச நேரம் மூங்கில் நுனிகள் மட்டும் ஆடின.

அமைப்பு கொடுத்த விசில் கழுத்தில் தொங்குவது அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

விசில் சத்தம் என் கடை வரைக்கும் வந்தது. நானும் கடையில் இருந்த காமியும், முதுகில் சுமக்கிற பெரிய டோக்கோ கூடையை எடுத்துக்கொண்டு ஓடினோம். கூடையின் ஒரு பக்கத்தை அரிவாளால் வெட்டித் திறந்து, புர்திக்கியை அதற்குள் உட்காரவைத்து, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டேன். மிங்புட்டி தன் சால்வையைப் புர்திக்கியின் தலையில் சுற்றியிருந்தாள். சால்வை என்ன நிறம் என்று கேட்டால் இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. வழி முழுக்க அவளுடைய மூச்சு என் பிடரியில் பட்டது. நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு அடியிலும் எண்ணிக்கொண்டு இறங்கினேன். மிங்புட்டி பின்னால் சட்டியை அடித்துக்கொண்டே வந்தாள். போதும் என்று காமி சொன்னான். அவள் நிறுத்தவில்லை. லேண்ட்ரோவரில் ஏறின பிறகும் அடித்துக்கொண்டிருந்தாள். நான்தான் கையைப் பிடித்துக் கல்லை வாங்கினேன்.

புர்திக்கி பிழைத்தாள். வலது கண் போயிற்று. கன்னத்திலும் தலையிலும் சேர்த்து எண்பது தையலுக்கு மேல். இரண்டு மாதம் ஆஸ்பத்திரி. அந்த இரண்டு மாதத்தில் ஊரே மிங்புட்டியைத் தூக்கிவைத்துக் கொண்டாடியது. கரடியைச் சட்டியால் அடித்து விரட்டியவள் என்று பேச்சு. அமைப்பிலிருந்து ஆட்கள் வந்து மரியாதைக்குப் போடுகிற வெள்ளைக் கதாத் துணியைக் கழுத்தில் போட்டார்கள். சட்டகம் போட்ட பாராட்டுத் தாள் ஒன்றும் கொடுத்தார்கள். அவள் சிரிக்கவில்லை. எல்லாரும் அடக்கம் என்று நினைத்தோம்.

அவளோ மாட்டுத் தொழுவத்துக்குக்கூடத் தனியாகப் போகமுடியாமல் இருந்தாள். பகலில், வெயிலில், வீட்டிலிருந்து பதினைந்து அடி. காமி வாசலில் நின்று பேசிக்கொண்டே இருக்கவேண்டும். பேச்சு நின்றால் வாளியைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். குருவி கத்தினாலும் பயம், கத்தாவிட்டாலும் பயம். ஒருநாள் என் கடைக்கு எதிரே மரத்தில் நீலக்குருவி ஒன்று சும்மா கத்தியது. டம்ளரைக் கீழே போட்டுவிட்டு என் அடுப்பங்கரைக்குள் வந்து நின்றுகொண்டாள்.

புர்திக்கி வீட்டுக்கு வந்த பிறகு இன்னும் மோசம். மிங்புட்டி அவளுக்குக் கட்டு மாற்றினாள், தலை சீவினாள், சாப்பாடு ஊட்டினாள். ஆனால் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. புர்திக்கியும் அவளோடு முன்போல் பேசவில்லை. வலியால் இருக்கும் என்று நினைத்தோம். பனி பெய்கிற மாதம் முழுக்க ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள்.

லோசார் புத்தாண்டு கழிந்து ஒரு பகல்வேளை. நான் பால் வாங்கப் போயிருந்தேன். புர்திக்கி அடுப்படியில் கம்பளி நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். மிங்புட்டி அவள் முன்னால் போய் உட்கார்ந்தாள். நான் இருப்பதை அவள் பொருட்படுத்தவே இல்லை.

"அக்கா, நான் அன்னிக்கு ஓடிட்டேன்."

புர்திக்கி நூலை நிறுத்தவில்லை. "தெரியும்."

"நீ கூப்பிட்டது கேட்டுச்சு. கேட்டும் வரல."

"தெரியும்டி. ஒன் முதுகத்தான் கடைசியா ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

 புர்திக்கியே தொடர்ந்தாள். "நீயாச் சொல்றியான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நாலு மாசம். நான் தலையில கட்டோட படுத்துக் கெடக்கேன், ஒன் கழுத்துல கதா போட்டுப் போட்டோ புடிச்சு எனக்கே கொண்டாந்து காட்டுறாங்க. எந்திரிச்சு ஒன்ன அறையலாம் போல இருந்துச்சு. தலையத் தூக்க முடியல."

"அறைஞ்சுரு அக்கா."

"இப்ப கை வரமாட்டேங்குது."

"இன்னொண்ணும் இருக்கு" என்றாள் மிங்புட்டி. "ஒம்மேல பாசத்துல திரும்பி வரல. கீழ போற பாத முழுக்கப் பனி. அதுக்குள்ள தனியா எறங்கப் பயமா இருந்துச்சு. ஒன் பக்கம் வர்றது அதவிடக் கொஞ்சம் கொறஞ்ச பயம். அதான் வந்தேன்."

புர்திக்கி நூலைக் கீழே வைத்தாள். இருக்கிற கண்ணால் அவளைப் பார்த்தாள். நான் பால் பாத்திரத்தோடு வாசலில் நின்றேன், போவதா இருப்பதா என்று தெரியாமல்.

"கழுத, பொய்யாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் புர்திக்கி. பிறகு அந்தத் தைத்த கன்னம் கோணச் சிரித்தாள். சிரிப்பு வலித்ததில் கண்ணில் நீர் வந்தது. மிங்புட்டி அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதாள். அன்றைக்கே அவர்கள் எல்லாவற்றையும் தீர்த்துக்கொண்டார்கள் என்று சொல்லமாட்டேன். அடுத்த ஒரு வாரம் புர்திக்கி அவள் கையால் சாப்பிட மறுத்ததை நான் பார்த்தேன்.

சித்திரை வாக்கில் மறுபடி காட்டுக்குப் போகிற நாள் வந்தது. வேலையை விட்டுவிடலாம் என்றுதான் காமி சொன்னான். மிங்புட்டி இல்லை என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவளுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. போகாமல் இருந்தால் தொழுவத்துக்குப் போகிற பயம் நாளைக்கு அடுப்பங்கரைக்கும் வந்துவிடும், அவ்வளவுதான் என்றாள். ஜோடிக்கு ஆள் வேண்டும். யாரும் வரவில்லை. இருபது வருஷமாகக் கரடி யாரையும் தொட்டதில்லை என்று சொன்னவன் நான்தான். நானே போனேன்.

விடிகிற நேரம். முனால் காட்டுக்கோழிகள் கூவுகிற பருவம் அது. கூவல் என்று சொல்வதே தப்பு. எங்கேயோ ஒரு குழந்தை தாயை இழந்து வீறிடுகிற மாதிரி, வ்வா, வ்வா என்று, ஒன்றை விட ஒன்று உரக்க. பிறந்ததிலிருந்து கேட்கிறேன், இருந்தாலும் அன்று ரத்தம் சுண்டியது. எனக்கு முன்னால் போன மிங்புட்டியின் முதுகு நனைந்திருந்தது. அந்தக் குளிரில்.

முதல் இரண்டு இடமும் முடிந்தது. மூணாம் நம்பர் வளைவுக்கு இருபது காலடி இருக்கும்போது அவள் நின்றுவிட்டாள்.

"அண்ணே, நான் ஓடினா நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நானும் ஓடுவேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். எனக்கு முட்டி வலி இருக்கு, ஒனக்குப் பின்னாலதான் வருவேன்."

அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே வளைவுக்குள் போனோம். கருவாலியில் புதுத் தளிர். உச்சியில் பழைய ஒடிந்த கிளைகள் காய்ந்து கறுத்துக் கிடந்தன. கால்மணி நேரம் நிற்கவேண்டும். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், ஒரு கையால் எழுதினாள், மறுகையை எடுக்கவில்லை. எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. பதினோரு பறவை. பத்தாவது நிமிஷத்தில் சரிவின் கீழே மூங்கில் முறிகிற சத்தம் வந்தது. கனமான எதுவோ. ஒரு முறிவு, பிறகு நிறுத்தம். இன்னொரு முறிவு. அவள் நகங்கள் என் கையில் இறங்கின. நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை. அது எங்களை நோக்கி வருகிறதா விலகுகிறதா என்று எனக்குப் புரியவில்லை.

"போகுது" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். "சிரிப்பான் இன்னும் கத்துது. போகுது."

சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று. சௌரி மாடாக இருக்கலாம், காட்டுப்பன்றியாக இருக்கலாம். பார்க்கவில்லை. தாளில் மற்ற விலங்குகள் என்ற இடத்தில், "பெரிசா ஒண்ணு. என்னன்னு தெரியல" என்று எழுதினாள். மீதி ஐந்து நிமிஷமும் நின்றுவிட்டுத்தான் நான்காம் இடத்துக்கு நகர்ந்தாள். வழியில் ஒரு மரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வெறும் தண்ணீர்தான் வந்தது.

இறங்கி வந்தபோது புர்திக்கி என் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கண்போன பக்கம் துணியால் மறைத்திருந்தாள். தாளை வாங்கி மூக்கருகில் வைத்துப் படித்தாள்.

"முனால் மூணுன்னு போட்டிருக்க?"

"மூணுதான் கூவுச்சு."

"நாலு. இங்க ஒக்காந்து நானே நாலு கேட்டேன்."

"அந்த நாலாவது நம்ம எல்லைல இல்ல அக்கா, தாண்டிக் கூவுச்சு."

அதன் மேல் இருவரும் சண்டை போட்டுக்கொண்டார்கள். நான் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன். தீக்குச்சி நாலு தடவை அணைந்தது. அதற்கப்புறம் ஐந்து தடவை நானும் அவளும் மேலே போய் வந்திருக்கிறோம். ஒரு தடவைகூட எங்கள் இருவருக்கும் பயம் குறைந்ததில்லை. வருகிற வாரம் மறுபடி போகவேண்டும். கருவாலி இந்த வருஷமும் நிறையக் காய்த்திருக்கிறது.